வண்டி பேசும்போது

பேசக் கூடாது. வண்டி பேசும்போது நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் இவர் போட்ட சட்டம், முப்பத்தாறு வருடமாக வொர்க்ஷாப்பில் எழுதி ஒட்டாமலே எல்லோரும் கடைப்பிடித்த சட்டம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள், இவர் ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்லுவார், அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கலெக்டராகவே இருந்தாலும் இருமுவதற்குக்கூட யோசிக்க வேண்டும். எனக்கோ வாயை மூடிக்கொண்டிருப்பதைவிடப் பட்டினி கிடப்பது சுலபம். ஆனாலும் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், தரையோடு தரையாகக் கிடக்கிற இந்தச் சிவப்பு வண்டியில், காலை நீட்டி, புடவைக் கொசுவத்தை அள்ளி மடியில் போட்டு, அதன் மேல் கைப்பையை வைத்துக்கொண்டு. ஏறுவதே ஒரு பெரும்பாடு. முதலில் இடுப்பை உள்ளே தள்ளி, பிறகு தலையைக் குனிந்து, பிறகு ஒவ்வொரு காலாக. ஐம்பத்தெட்டு வயதில் இந்தக் கூத்து. வண்டிக்காரர் நவநீத் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தார், நல்ல வளர்ப்பு. "ரெண்டு சீட்டுதானுங்கண்ணா, நான் வரல. அக்காவக் கூட்டிட்டு நிதானமா ஓட்டிப் பாத்துட்டு வாங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போர்ட்டிகோவிலேயே நின்றுகொண்டார். எங்கள் பழைய வேன் அவர் வாசலில் நிற்கிறது. என் கைப்பையில் நாலு எலுமிச்சம்பழம் இருக்கிறது. வண்டி எங்களுக்கென்று முடிவாகிவிட்டால் நாலு சக்கரத்துக்கும் வைத்து நசுக்கிவிட்டுக் கையோடு ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று காலையில் இவருக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டுக்கொண்டேன். இத்தனை வருடத்தில் ஒரு சோதனைக்கும் இவர் என்னைக் கூட்டிப் போனதில்லை. இன்றைக்கு மட்டும், "நீயும் கெளம்பு அம்மிணி, ரெண்டு சீட்டு வண்டில ஒரு சீட்டு எதுக்குச் சும்மா போகோணும்" என்றார். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் சாவியைத் திருகின உடனேயே அந்தப் பெருமை போய்விட்டது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஏறுவதற்கு முன்னால் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. நாம் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் பாதிக் குறை மறைந்துவிடும், எஞ்சின் குளிர்ந்து கிடந்தால்தான் உண்மையைச் சொல்லும் என்பார். குளிர்ந்துதான் இருந்தது. சைலன்சர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார், கரிதான், எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. ஆயில் மூடியைத் திருகிப் பார்த்தார். ரேடியேட்டர் தண்ணீர் டப்பாவைப் பார்த்து, "புதுசா ஊத்தியிருக்கீங்களா" என்றார். "போன வாரம் சர்வீஸுங்கண்ணா" என்றார் நவநீத். கதவு ஓரமாக விரல் நுனியை ஓட்டிக்கொண்டே போய் இடது கதவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இது பின்னால அடிச்ச பெயிண்ட்டு" என்றார், நவநீத் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார், வாசல் தூணில் உரசியதாம். கையும் கண்ணும் மூக்கும் செய்கிற வேலையில் இவரை மிஞ்ச இன்றைக்கும் ஆள் கிடையாது. அப்புறம் உட்கார்ந்து சாவியைத் திருகினார். சடசடசட. மூன்று எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது, டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கியதுபோல. எஞ்சினுக்குள் செயின் தளர்ந்து போன சத்தம் அது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நாங்கள் குடியிருந்தது வொர்க்ஷாப்புக்கு மேல்மாடியில். முதலில் வண்டியின் சத்தம் சமையலறை ஜன்னல் வழியாக வரும், பின்னாலேயே இவர் சொல்லுகிற தீர்ப்பு வரும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே முப்பத்தாறு வருடம் கேட்டவளுக்குப் பாடம் ஏறாமலா இருக்கும். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் ஏதாவது கேட்டு இவருக்குப் பிடிபடாதபோது சிரிக்கிற அதே சிரிப்பு.

விழவில்லை. இவர் காதில் அது விழவில்லை. அதற்கு ஊரில் ஒரு சொல் இருக்கிறது, அதை நான் மனசுக்குள்ளும் சொல்லிப் பார்த்ததில்லை, யாராவது வேறு யாரையாவது அப்படிச் சொன்னால்கூட எனக்குச் சுருக்கென்று இருக்கிறது. இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் டிவிக்காரர்கள்மேல் பழி வந்தது, "இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறானுங்க" என்று. பிறகு குக்கர்மேல், விசில் சரியில்லையாம், புது விசில் வாங்கி வந்து போட்டார், அதுவும் சரியில்லையாம். முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. சாப்பிடும்போது நான் எப்போதிலிருந்து இவருக்கு இடது பக்கமாகவே உட்கார ஆரம்பித்தேன் என்று எனக்கே நினைவில்லை, இடது காது கொஞ்சம் தேவலை. மகள் ஒருநாள் போனில், "அப்பாவுக்கு மெஷின் வெச்சுட்டா சரியாயிரும்மா" என்று ஸ்பீக்கரில் இருப்பது தெரியாமல் சொல்லிவிட்டாள், அது மட்டும் எப்படியோ இவருக்குக் கேட்டுத் தொலைத்தது, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சென்னியப்பன் காதுக்குத் தப்பி ஒரு நட்டு கழலாது என்று உப்பிலிபாளையம் தொடங்கி ஒண்டிப்புதூர்வரை சொல்லுவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து முனையை எஞ்சினில் ஊன்றி, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், ஊரே காத்திருக்கும். அந்த மனிதரிடம் போய் என்னவென்று சொல்வது. போன வருடம் ஒரு டீச்சர் வண்டி வாங்க இவரைக் கூட்டிப் போனார், இவர் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்றார், பத்தாம் நாள் பாலக்காட்டு ரோட்டில் அது இறுகி நின்றுவிட்டது. அந்த அம்மா சண்டைகூடப் போடவில்லை. "உங்க காதை நம்பித்தானுங்க வாங்குனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். இவர் தன் செலவிலேயே பிரித்து மாட்டிக் கொடுத்தார், அந்த மாதமே வொர்க்ஷாப்பை மூடினார். கேட்டவர்களிடமெல்லாம் மூட்டு வலி என்றார். நானும் ஆமாங்க மூட்டு வலிதானுங்க என்று கூடவே பாடினேன்.

இதோ இரண்டாவது கியர். கரக். கையில் உணர்ந்திருப்பார், கையில் தட்டாமல் இருக்காது, ஆனால் கரக் என்கிற அந்தச் சத்தத்துக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு முனகல் ஓடுகிறதே, அது? கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டேன். சின்ன வயதில் ஊசி போடும்போது வந்த பழக்கம், இன்னும் போகவில்லை. இவர் இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மூன்றாவதுக்கு மாற்றினார். மறுபடியும் இரண்டாவது. கரக். என் விரல் மறுபடியும் உள்ளே மடங்கியது. மறுபடியும் இடது பக்கம் ஒரு பார்வை. இவ்வளவு குறுகலான தெருவில் இடது பக்கம் என்ன வந்துவிடப் போகிறது, ஒரு ஆடுகூட இல்லை. எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் சட்டம் உடைந்துவிடும், அதைவிட, நான் வாயைத் திறந்தால் எதிலிருந்து தொடங்கி எதில் போய் முடிப்பேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. ஏனுங்க, அந்தச் சத்தம் கேட்டுச்சா என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் வண்டியும் போய்விடும், இவரும் போய்விடுவார், இத்தனை நாள் மூட்டு வலி மூட்டு வலி என்று இரண்டு பேரும் சேர்ந்து கட்டிக் காத்தது எல்லாம் போய்விடும். இவர் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். நகையா, வீடா, காசி ராமேசுவரமா, ஒன்றும் கேட்டதில்லை. பந்தய வண்டிக்காரர்களுக்கெல்லாம் வாலிபத்தில் எஞ்சின் டியூன் பண்ணிக் கொடுத்தவர், அவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள், இவர் ஓரமாக நின்று கையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்தப் போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது, இவர் பாதிதான் அதில் விழுந்திருக்கிறார், ஒரு தோளும் ஒரு காதும். போன தீபாவளிக்குச் சொன்னார், "அடுத்தவன் வண்டிச் சத்தத்தையே முப்பத்தாறு வருசம் கேட்டுட்டேன் அம்மிணி. நம்ம வண்டின்னு ஒண்ணு சத்தம் போட்டு ஒருக்கா கேக்கோணும்." சீக்கிரம் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

இப்போது மில் மதில். இவர் எந்த வண்டியைச் சோதித்தாலும் இங்கே வந்தாக வேண்டும். மில் மூடி எத்தனையோ வருடம் ஆகிறது, மதில் மட்டும் அரைக் கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. ஜன்னல் இரண்டையும் இறக்கிவிட்டு, மதிலுக்கு இரண்டு முழம் தள்ளி, இடது பக்கமாக ஒட்டினாற்போல மெதுவாகப் போவார். சக்கரத்தில் என்ன சத்தம் இருந்தாலும் மதிலில் பட்டுத் திரும்பி வந்துவிடும், பேரிங் அழுதால் இரண்டு மடங்காகக் கேட்கும், பிரேக் உரசினால் தெரியும். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, இவராகவே கண்டுபிடித்தது. இதோ ஜன்னலை இறக்குகிறார். தலையை என் பக்கமாகச் சாய்க்கிறார். அப்படியே அந்த வழக்கமான சாய்வு, கோயிலில் கும்பிடுகிறவர் மாதிரி. எதைக் கேட்கிறீர்கள், என் சாமி, என்ன கேட்கிறது உங்களுக்கு?  நான் உங்களுக்காகக் கேட்கிறேன், இருங்கள். டயர் மண்ணில் நறநறக்கிறது. ஒரு காகம். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ துணி துவைக்கிறார்கள். சக்கரம் சுத்தமாக இருக்கிறது, அழுகையில்லை, உரசலில்லை, நாலும் நன்றாக ஓடுகிறது, எனக்குச் சந்தோஷத்தில் விரலெல்லாம் தளர்ந்தது. இதே மில்லில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் நூல் பிரிவில் வேலை செய்தேன். அந்த மெஷின் இரைச்சலில் கத்திப் பிரயோஜனமில்லை, நாங்கள் பெண்கள் எல்லோரும் உதட்டால்தான் பேசுவோம், வாயை நன்றாகத் திறந்து, சத்தமே இல்லாமல், இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசிக்கு. மேஸ்திரியைத் திட்டுவதுகூட அப்படித்தான், அவருக்குத் தெரியாது, பாவம், எத்தனை திட்டு. கொஞ்ச நாளாக இவரிடம் பேசும்போது என் வாய் அப்படித் திறக்கிறது. குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்பதற்கு இவ்வளவு பெரிய வாய். மகள் வந்திருந்தபோது, "ஏம்மா அப்பாகிட்ட மட்டும் சினிமாக்காரி மாதிரி பேசற" என்றாள். நான் மழுப்பிவிட்டேன். மதில் முடிகிறது. இவர் ஜன்னலை ஏற்றிவிட்டு என் மடியைப் பார்த்தார், கைப்பை சரிந்திருந்தது, அதற்காக இருக்கும்.

பைபாஸ் வந்துவிட்டது. இவர் ஒருமுறை கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்கினார், கண்ணாடியைச் சரி பண்ணினார், முன்னால் ஒரு லாரியும் இல்லை. மிதித்தார். அம்மாடி. என் முதுகைப் பிடித்து யாரோ சீட்டுக்குள் அழுத்தினார்கள். முதலில் அடிவயிற்றில் ஒரு உறுமல், அது ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது, கரகரப்பெல்லாம் உதிர்ந்து வழவழவென்று ஒரே குரலாகி, இதற்கு மேல் இல்லை என்று நினைக்கிற இடத்தில் இன்னும் ஒரு படி ஏறி ஒரு பாட்டுக்காரி மாதிரி நிற்கிறது. எனக்கு வண்டிச் சத்தம் என்றாலே தலைவலி, ஆயுள் முழுக்கக் கேட்டாகிவிட்டது, ஆனால் இது வேறு, இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன், வாயை மூடிக்கொண்டே சிரித்தேன். இவரும் சிரித்தார். இருபத்தாறு வயதில் புல்லட்டில் என்னை முதல் முதலாக வெள்ளலூர்ப் பக்கம் கூட்டிப் போனபோது சிரித்த மாதிரி. இது கேட்காமல் இருக்குமா? இவ்வளவு பெரிய சத்தம், கல்லுக்குக்கூடக் கேட்கும். கேட்டிருக்கும். கேட்டுத்தான் சிரிக்கிறார். அப்படியானால் போதும், செயின் தளர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், கியர் கரகரத்தால் இவர் கையாலேயே பிரித்து மாட்டிவிடுவார், பொழுது போகும். மூட்டு வலி எல்லாம் பறந்துவிடும், நிஜமாகவே ஒரு மூட்டு வலி இருந்திருந்தாலும். தினமும் விடியற்காலையில் எழுந்து துடைப்பார். ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு ஆனைமலைப் பக்கம் போவார், நான் புடவையை விட்டுவிட்டுச் சுடிதார்தான் போட வேண்டும், தெருவில் எல்லோரும் சிரிக்கட்டுமே. கைப்பைக்குள் கையை விட்டு எலுமிச்சம்பழங்களைத் தொட்டுப் பார்த்தேன். நாலும் இருந்தன.

திரும்பி வருகிறோம். ரயில்வே கேட் சாத்தியிருக்கிறது. நிற்கிறோம். இவர் எஞ்சினை அணைக்கவில்லை, சூடேறின எஞ்சின் சும்மா நிற்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் சோதனையில் ஒன்று. லேசாக மிதித்தார், விட்டார். சலசலசல. என் முழங்காலுக்கு முன்னால், டாஷ்போர்டுக்குள்ளே, சின்ன வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி. மறுபடியும் மிதித்து விட்டார். சலசலசல, களக், களக். வேண்டாம். இது மட்டும் வேண்டாம், மருதமலை முருகா. இந்தச் சத்தத்தை என் ஜன்னல் வழியாக நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், அதற்குப் பின்னால் இவர் குரல் எப்போதும் ஒரே மாதிரித்தான் வரும், தணிந்து, துக்க வீட்டில் பேசுகிறவர் மாதிரி, "இத விட்ருங்க, உள்ள காத்து பூந்துருக்குது, எஞ்சின் தலையே வெந்து வளைஞ்சிருக்கும், இதுல கைய வெச்சா முடிவே இல்லீங்க." அதனால்தான் புதுத் தண்ணீர். காத்துப் புகுந்து தண்ணீர் குறையக் குறைய ஊற்றி வைத்திருக்கிறார்கள். நவநீத்துக்குத் தெரிந்திருக்குமோ தெரியாதோ, முகத்தைப் பார்த்தால் தெரியாதவர் மாதிரித்தான் இருக்கிறது, யாரோ சர்வீஸ்காரன் ஊற்றிக் கொடுத்திருப்பான். இவர் கையை நீட்டி டாஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தார். மாட்டை முதுகில் தட்டிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி, வாஞ்சையாக, இரண்டு தட்டு. சரியாக அந்தத் தண்ணீர் சலசலக்கிற இடத்தில். எனக்குக் கண்ணில் முட்டிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் ஒரு பெண் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருக்கிறாள். ரயில் வருகிறது, பெட்டி பெட்டியாகப் போகிறது, அந்த இரைச்சலில் நான் வாய்விட்டே அழுதாலும் ஒருவருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? வாங்குவோம். எலுமிச்சம்பழம் நசுக்குவோம். ஒரு மாதம் ஓடும். ஒருநாள் நடு ரோட்டில் புகை மண்டி நிற்கும், இவர் இறங்கி பானெட்டைத் திறந்து பார்ப்பார், பார்த்த உடனே எல்லாம் புரிந்துவிடும், இத்தனை நாள் இது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை என்று. அந்த டீச்சர் வாசலில் நின்றதுபோல இவர் தன் முன்னாலேயே நிற்பார். சொன்னால்? சொன்னால் இன்றைக்கே நிற்பார். என் எதிரில். கேட் திறந்துவிட்டது, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், அடித்துக்கொண்டே இருக்கிறான். இவர் எதையோ யோசித்துக்கொண்டு நிற்கிறார். நான் இவர் முழங்கையைத் தொட்டேன். கிளம்பினார்.

நவநீத்தின் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னாலேயே, ஒரு புங்கமரத்து நிழலில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். எஞ்சின் அணைந்தால் சட்டமும் முடிந்தது, இனிமேல் பேசலாம்.  இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார், எப்போதும் வாடிக்கையாளரிடம் சொல்லுகிற மாதிரி, வரிசையாக. "ஸ்டார்ட் பண்ணறப்ப நீ பையப் புடிச்ச. அது செயினா இருக்கும், இல்லீன்னா டேப்பெட்டு. ரெண்டாவது கியர்ல கட்டவெரல மடக்குன. ரெண்டு தடவையும் மடக்குன, என் கையில தட்டுனதுக்கு மேல ஏதோ சத்தமும் வந்திருக்குது, அப்ப பேரிங்கும் போயிருக்குது. மதில் ஓரத்துல கை தளந்து பையே சரிஞ்சு போச்சு. அப்ப சக்கரம் நாலும் நல்லாருக்குது." நான் இவரையே பார்த்தேன். இடது பக்கக் கண்ணாடியும் இல்லை, ஆடும் இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார், வழி முழுக்க, மீட்டர் பார்க்கிற மாதிரி.

"உங்களுக்கு..." என்றேன். 

"ரெண்டு வருசமா நீ என்கிட்ட மில்லுல பேசற மாதிரித்தான பேசற" என்றார். "எனக்குத் தெரியாதா? சொன்னா நீ சங்கடப்படுவேன்னு சும்மா இருந்தேன்."

"நானா சங்கடப்படுவேன்? நீங்க சங்கடப்படுவீங்கன்னுதானுங்க நான்..."

"செரி, அத வுடு. அதுக்குத்தான் உன்னக் கூட்டிட்டு வந்தது. ரயில் கேட்டுகிட்ட ஒண்ணு ஆச்சு. உனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அது மட்டும்தான் எனக்கு என்னன்னு தெரியல. மொகத்தப் பாத்து அவ்வளவுதான் கண்டுபுடிக்க முடியுது." இப்போதுதான் என் பக்கமாக முழுசாகத் திரும்பினார். "என்ன சத்தம் அம்மிணி?"

இவர் கண்ணில் ஒரு ஆசை இருந்தது. பொய் சொல்ல மாட்டேனா என்கிற ஆசையா, சின்னச் சத்தமாக இருந்துவிடாதா என்கிற ஆசையா, தெரியவில்லை. ஒன்றுமில்லைங்க, மகள் ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லலாம். நம்புவார். நான் சொன்னால் நம்புவதென்று முடிவு பண்ணித்தான் இந்த சீட்டில் என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். அதை நினைத்ததும் பொய் சொல்லும் எண்ணம் அறவே போய்விட்டது. எஞ்சின் அணைந்த வண்டிக்குள் இவர் முப்பத்தாறு வருடம் ஊருக்கெல்லாம் உண்மை சொன்ன இடம் இது. நான் வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, மறைக்காமல், மில்லில் பேசுகிற மாதிரியே சொன்னேன். "தண்ணி ஓடுதுங்க. உள்ளார. நீங்க மிதிச்சு வுடறப்பல்லாம் சலசலன்னு."

இவர் ஸ்டியரிங்கின் வளைவை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். "புதுத் தண்ணி" என்றார், தனக்குத்தானே. பிறகு தணிந்த அந்தக் குரலில், "வேண்டாம். சொல்லிப்போட்டு வந்தர்லாம். அவருக்கும் தெரிஞ்சிருக்காது, பாவம், எடுத்துச் சொல்லோணும்" என்றார். நான் கைப்பையைத் திறந்து எலுமிச்சம்பழங்களைக் காட்டினேன், ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை, மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்பதாலாக இருக்கும். "நாலா?" என்றார். "நாலு." "ஜூஸ் போட்டுக்கலாம்" என்றார், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு எனக்கு மூக்கும் ஒழுகியது. இறங்கலாம் என்று நான் முதல் காலை வெளியே எடுப்பதற்குள் இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பைபாஸ்ல மிதிச்சனே" என்றார். "அப்ப எப்படி இருந்துச்சு? எனக்கு முதுகுலதான் வந்துச்சு. காதுல வரல."

நான் சொல்லிப் பார்த்தேன். நல்லா இருந்துச்சுங்க என்றேன், முதல்ல உறுமிச்சுங்க, அப்புறம் மேல ஏறுச்சுங்க என்றேன், பாட்டு மாதிரி என்றேன், எதைச் சொன்னாலும் போதவில்லை, இவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தையை விட்டுவிட்டேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நடுவில் இருந்த கியர் கம்பியைத் தாண்டி எட்டி, இவருடைய இடது காதில் வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து ஆரம்பித்தேன். உர்ர்ர்ர்ர். தள்ளுவண்டியில் கீரை கொண்டு வந்தவர் நின்று பார்த்தார். வீட்டு வாசலில் நவநீத் பார்த்தார். பார்க்கட்டும். ர்ர்ரூம்ம்ம் என்று ஏற்றினேன், இரண்டாவது கியருக்கு வந்தேன், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமே என்று நடுவில் கரக் என்று ஒரு சத்தமும் கொடுத்தேன்.

இவர் தலையை ஆட்டினார். கண் மூடியிருந்தது.

"நம்ம வண்டில அந்தக் கரக் வராது" என்றார். "மறுக்கா மொதல்ல இருந்து போடு."

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, மறுபடியும் முதல் கியரிலிருந்து ஆரம்பித்தேன்.